'இப்படியே இருக்கட்டும்' என்று முடிவுசெய்தது யார்?

இதயத்தின் பம்பிங் குறைந்தவர்களில் கணிசமானோருக்கு இன்னொரு கோளாறும் சேர்ந்தே இருக்கிறது: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மருத்துவமனைகளில் சுருக்கமாக ஏ.எஃப். என்பார்கள். இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு நிமிடத்துக்கு முந்நூறு தடவைக்கு மேல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். கீழறைகள் தமக்கு எட்டிய மின்சைகைகளுக்கு மட்டும் தாறுமாறாகத் துடிக்கும். இந்த இரண்டு நோயையும் ஒன்றாகக் கொண்டவர் வீடு திரும்பும்போது கையில் ஏழெட்டு மாத்திரைகள் இருக்கும். துடிப்பின் வேகத்தைக் குறைக்க ஒன்று, நீர் பிரிய ஒன்று, ரத்தம் உறையாமலிருக்க ஒன்று என அட்டைகள் நீளும். ஆனால், இதயத்தைச் சீரான தாளத்துக்குத் திருப்ப முயல்வதா, அல்லது தாளம் தப்பியபடியே இருக்கட்டும், வேகத்தை மட்டும் கட்டுக்குள் வைப்போம் என்று விடுவதா என்ற முடிவை எங்கோ யாரோ எடுத்து முடித்திருப்பார்கள். அப்படி ஒரு முடிவு எடுக்கப்பட்டது என்பதே பல நோயாளிகளுக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதற்குக் காரணம் எழுதியிருப்பதைக் காண்பது அரிது. என் வாதம் இதுதான்: விட்டுவிடுவதும் ஒரு சிகிச்சை முடிவுதான். அதற்கும் காரணம் சொல்லியாக வேண்டும், அதுவும் காலம் கடப்பதற்குள்.

காலத்தை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், இந்த நோய் காத்திருக்காது. 1995இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் மாரிட்ஸ் அலெசி குழுவினர் ஆடுகளின் இதய மேலறைகளை ஒரு கருவியைக் கொண்டு மறுபடி மறுபடி ஏ.எஃப்புக்குள் தள்ளிப் பார்த்தார்கள். தொடக்கத்தில் சில நொடிகளில் தானாக அடங்கிய நடுக்கம், நாள் செல்லச் செல்ல நீண்டுகொண்டே போனது. சில வாரங்களுக்குள் பெரும்பாலான ஆடுகளில் அது 24 மணி நேரம் கடந்தும் நிற்கவில்லை. நடுங்குகிற மேலறை, மேலும் நடுங்குவதற்கு ஏற்றபடி தன்னையே மாற்றிக்கொள்கிறது என்பது அப்போது தெளிவானது. இதில் இதயச் செயலிழப்பும் சேர்ந்தால் சுழல் இறுகுகிறது. கீழறை சரியாக வெளியேற்றாத ரத்தத்தின் அழுத்தம் மேலறையை விரிக்கிறது, விரிந்த சுவரில் நார்த்தழும்பு படிகிறது, தழும்பு ஏ.எஃப்பை நிலைக்க வைக்கிறது. மறுபக்கம், மேலறை சுருங்காததால் கீழறை நிறைவது குறைகிறது. வேகமும் ஒழுங்கின்மையும் மாதக்கணக்கில் நீடித்தால், வேறு எந்தக் குறையும் இல்லாத இதயத்தின் பம்பிங்கூட இறங்கிவிடும். முதலில் வந்தது எது என்று பல நேரங்களில் சொல்ல முடியாது. ஏ.எஃப்பால்தான் பம்பிங் குறைந்தது என்றால், தாளம் திரும்பியதும் சில மாதங்களில் அது கிட்டத்தட்ட இயல்பு நிலைக்கே வந்துவிடக்கூடும். அந்த நோயாளியிடம் 'இப்படியே பழகிக்கொள்ளுங்கள்' என்பது, மீளக்கூடிய ஒன்றை மீளாததாக அறிவிப்பதாகும்.

பழகிக்கொள்ளச் சொல்லும் மரபு ஒன்றும் ஆதாரமில்லாமல் உருவானதல்ல. 2002இல் வெளியான 'அஃபர்ம்' ஆய்வில் 4,060 பேர் பங்கேற்றார்கள். பாதிப் பேருக்குத் தாளத்தைத் திருப்பும் மருந்துகள். மற்றவர்களுக்கு வேகத்தைக் குறைக்கும் மருந்துகள். ஐந்தாண்டு முடிவில் தாளப் பிரிவில் 23.8 சதவீதத்தினரும் வேகப் பிரிவில் 21.3 சதவீதத்தினரும் இறந்திருந்தார்கள். வேறுபாடு இல்லை, இருந்தால், அதுவும் தாளத்துக்கு எதிராகவே சாய்ந்தது. பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு, 35 சதவீதத்துக்குக் கீழே போனவர்களிடம் நிலைமை வேறாக இருக்கலாம் என்ற ஐயம் எஞ்சியிருந்தது. அதற்காகவே 1,376 பேரிடம் நடத்திய இன்னொரு ஆய்வு 2008இல் வந்தது. சராசரியாக மூன்று ஆண்டுகளில் இதயக் காரணங்களால் இறந்தோர் தாளப் பிரிவில் 27 சதவீதம், வேகப் பிரிவில் 25 சதவீதம். இரண்டும் ஒன்றுதான், எளிதானதைச் செய்வோம் என்ற முடிவுக்கு மருத்துவ உலகம் வந்ததில் வியப்பில்லை. வேகத்தைக் குறைக்கும் மாத்திரை மலிவு, எந்த ஊரிலும் கிடைக்கும், எழுதித்தர அரை நிமிடம் போதும். அந்தத் தலைமுறையில் பயின்ற மருத்துவர்களிடம் அது பாடமாகப் பதிந்தது. பிறகு பழக்கமாகவே ஆகிவிட்டது.

ஆனால் அந்த ஆய்வுகள் உண்மையில் எதைச் சோதித்தன? அஃபர்மின் தாளப் பிரிவில் ஐந்தாண்டு முடிவில் சீரான தாளத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 63 சதவீதம். வேகப் பிரிவிலும் 35 சதவீதம் பேர் எப்படியோ சீரான தாளத்தில்தான் இருந்தார்கள். 2004இல் இதே தரவுகளை மீண்டும் அலசியபோது, சீரான தாளத்தில் இருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் ஏறத்தாழ பாதியாகத் தெரிந்தது. தாளத்தைக் காக்கும் மருந்துகளோ அபாயத்தைப் பாதியளவு கூட்டுவதாகத் தெரிந்தன. தாளம் தந்த நன்மையை மருந்தின் நச்சு தின்றுவிட்டது என்று இதைப் படிக்கலாம். உடல் தெம்புள்ளவர்களுக்குத்தான் தாளம் நிலைத்தது, அதனால் அவர்கள் பிழைத்தார்கள் என்றும் படிக்கலாம். இந்த எச்சரிக்கையை மறைக்கக் கூடாது. எனினும் மருந்துகளின் வரலாறு முதல் வாசிப்புக்கே வலுச் சேர்க்கிறது. ஃபிளெகைனைடு போன்றவை பலவீனமான இதயத்துக்கு ஆபத்து என்பது 1980களின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. டிரோனெடரோன், இதயச் செயலிழப்பு முற்றியவர்களிடம் சாவை அதிகரித்ததால் ஆய்வே பாதியில் நின்றது. பலவீனமான இதயத்துக்குப் பெரும்பாலும் எஞ்சியிருந்தது அமியோடரோன். அதுவோ தைராய்டு, நுரையீரல், கல்லீரல், கண், தோல் என எதையும் விட்டுவைக்காத மருந்து. ஊர் போய்ச் சேரவில்லை என்றால் வண்டியைப் பார்க்க வேண்டும். அந்த ஊருக்குப் போவதே வீண் என்று சொல்லிவிட முடியாது.

வேறு வண்டிக்கான அடித்தளம் 1998இல் பிரான்ஸின் போர்தோ நகரில் விழுந்தது. மிஷேல் ஹைசகேர் குழுவினர், ஏ.எஃப்பைத் தூண்டும் மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வரும் சிரைகளின் வாயில்களில் பிறக்கின்றன என்று காட்டினார்கள். தொடைச் சிரை வழியாகக் கம்பியைச் செலுத்தி அந்த வாயில்களைச் சுற்றிச் சுட்டோ உறையவைத்தோ மின்தடை அமைப்பதே அப்லேஷன். மருந்து இல்லாமலேயே தாளத்தைக் காக்க முடியுமா என்ற கேள்வியை இதன் மூலம் இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் கேட்டது, 2018இல் வந்த 'காசில்-ஏ.எஃப்.' ஆய்வு. பம்பிங் 35 சதவீதத்துக்குள் இருந்த 363 பேர். ஏறத்தாழ மூன்றாண்டுக் கண்காணிப்பு. இறப்பு அல்லது இதயச் செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர்வது என்ற இரண்டில் ஒன்று நேர்ந்தவர்கள் மருந்துப் பிரிவில் 44.6 சதவீதம்; அப்லேஷன் பிரிவில் 28.5 சதவீதம். இறப்பை மட்டும் எடுத்தால் 25 சதவீதம், 13.4 சதவீதம். 2020இல் வெளியான 'ஈஸ்ட்' ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது: நோய் கண்டறிந்த ஓராண்டுக்குள் மருந்தாலோ அப்லேஷனாலோ தாளத்தைத் திருப்ப முயன்றவர்களுக்குப் பக்கவாதம், இறப்பு முதலானவை குறைந்தன. அங்கே பெரும்பாலோருக்கு முதலில் தரப்பட்டவை அதே பழைய மருந்துகள்தான். ஆள் பார்த்துத் தேர்ந்த மருந்தும் சீக்கிரம் தொடங்கியதும் சேர்ந்து விளைவை மாற்றியிருக்க வேண்டும். அமெரிக்க இதயநோய் அமைப்புகளின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ஏ.எஃப்பும் பம்பிங் குறைவும் புதிதாகச் சேர்ந்து கண்டறியப்பட்டால் ஏ.எஃப்பே காரணமாக இருக்கலாம் என்று சந்தேகித்துத் தொடக்கத்திலேயே தாளத்தை மீட்க முனைய வேண்டும் என்று உறுதியாகவே பரிந்துரைக்கிறது.

இந்த இடத்தில் ஐயப்படுகிறவர்களின் கேள்விகள் நியாயமானவை. காசில்-ஏ.எஃப். ஆய்வுக்காக மூவாயிரத்துக்கும் அதிகமானோரைப் பரிசீலித்து நானூறுக்கும் குறைவானவர்களையே சேர்த்தார்கள்; அத்தனை பேருக்கும் மார்பில் டிஃபிப்ரிலேட்டர் கருவி ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட நோயாளி நம் ஊரில் எத்தனை பேர்? 411 பேரை வைத்து 2022இல் வந்த கனடா தலைமையிலான ஆய்வில் அப்லேஷனுக்குச் சாதகமான போக்கு தெரிந்தாலும், தற்செயல் அல்ல என்று உறுதிசெய்யும் அளவுக்கு அது எட்டவில்லை. 2,204 பேரிடம் நடந்த 'கபானா' ஆய்விலும் முதன்மை முடிவு எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை. அதில் பெரும்பாலோருக்கு இதயச் செயலிழப்பு இல்லை என்பது வேறு. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரிந்தே நடப்பவை இவை என்பது மூன்றாவது குறை. இதற்கு ஓரளவு பதில் 2024இல் இங்கிலாந்திலிருந்து வந்தது: இதய பலவீனம் முக்கியப் பிரச்சினையாக இல்லாத 126 பேரில் ஒரு பாதிக்கு உண்மையான அப்லேஷனும் மறுபாதிக்குப் பாவனைச் சிகிச்சையும் செய்து பார்த்தார்கள். நோயாளிகளுக்கு எது நடந்தது என்று தெரியாத நிலையிலும், உண்மையான சிகிச்சை பெற்றவர்களுக்கு ஏ.எஃப்பும் குறைந்தது, வாழ்க்கைத் தரமும் உயர்ந்தது. இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்து என்னால் சொல்ல முடிவது, எல்லோருக்கும் அப்லேஷன் என்பதல்ல. 'இரண்டும் ஒன்றுதான்' என்ற பழைய வாக்கியத்தை இனி எவரிடமும் விளக்கமில்லாமல் சொல்ல முடியாது என்பதே.

யாருக்குப் பயன் என்பதில் சில தடயங்கள் தெளிவாகவே உள்ளன. ஏ.எஃப். வந்து அதிக காலம் ஆகாதவர்கள், மேலறை மிகவும் விரியாதவர்கள், மாரடைப்பு போன்ற வேறு காரணம் இல்லாமல் பம்பிங் குறைந்தவர்கள். ஆஸ்திரேலியாவில் நடந்து 2017இல் வெளியான 'கேமரா-எம்.ஆர்.ஐ.' ஆய்வு சிறியதுதான். ஆனால் இப்படிப்பட்டவர்களை மட்டுமே எடுத்துக்கொண்டது. ஆறு மாதத்தில் அப்லேஷன் செய்தவர்களின் பம்பிங் சராசரியாக 18 புள்ளிகள் உயர்ந்தது. வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தியவர்களுக்கு 4 புள்ளிகளை ஒட்டி. எம்.ஆர்.ஐ. படத்தில் கீழறையில் தழும்பு இல்லாதவர்களே அதிகம் மீண்டார்கள். ஆகவே, 30 சதவீத பம்பிங்குடன் வரும் இரண்டு பேர் ஒரே நோயாளி அல்ல. ஒருவருடைய இதயம் வேகத்தால் களைத்தது. இன்னொருவருடையது தசையே செத்துத் தழும்பானது. இருவருக்கும் ஒரே மருந்துச்சீட்டு எழுதுவது வேலையை எளிதாக்கலாம், சிகிச்சையை அல்ல.

தாளத்தைப் பற்றி இவ்வளவு பேசும்போது ஒரு ஆபத்து உண்டு: அதைவிட முந்திய கடமைகள் மறந்துபோகும். ஏ.எஃப்பில் சாவுக்கும் ஊனத்துக்கும் பெரிய காரணம் பக்கவாதம். நடுங்கும் மேலறையில், குறிப்பாக அதன் ஓரப் பையில், ரத்தம் தேங்கி உறைந்து மூளைக்குப் போகிறது. அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு. இதயச் செயலிழப்பும் இருந்தால் உறைதடுப்பு மருந்து தேவையா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் ஆம். இதற்கு ஆஸ்பிரின் போதும் என்ற நம்பிக்கை இன்னும் முற்றாக மறையவில்லை; அது தவறு. 2011இல் வெளியான ஆய்வில், பழைய உறைதடுப்பு மருந்தான வார்ஃபரின் ஒத்துவராத 5,599 பேரில் ஒரு பகுதியினருக்கு ஆஸ்பிரினும் மற்றவர்களுக்கு அபிக்சபான் என்ற புதிய மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டபோது, அபிக்சபான் பெற்றவர்களிடம் பக்கவாதம் பாதிக்கும் கீழே இருந்தது. பெரிய ரத்தக்கசிவு குறிப்பிடும்படி கூடவில்லை. ஆனால் புதிய மாத்திரைதான் எல்லோருக்கும் உயர்ந்தது என்றும் நினைத்துவிடக் கூடாது. ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் நம் நாட்டில் ஏராளம். அத்தகைய சுமார் 4,500 பேரிடம், டெல்லி எய்ம்ஸின் கணேசன் கார்த்திகேயன் முன்னின்று 24 நாடுகளில் நடத்திய ஆய்வு 2022இல் வந்தபோது பலர் எதிர்பாராத முடிவைச் சொன்னது: புதிய மாத்திரையான ரிவராக்சபான் பெற்றவர்களைவிட வார்ஃபரின் வகை மருந்து பெற்றவர்களே குறைவாக இறந்தார்கள். வார்ஃபரின் எடுப்பவர்கள் ரத்தம் உறையும் வேகத்தை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்காக மாதந்தோறும் அலைவது சலிப்புதான். அந்த நோயாளிகளுக்கு அந்தச் சலிப்பு உயிர் காக்கிறது. இன்னொன்றையும் அஃபர்ம் கற்றுத்தந்தது. தாளம் திரும்பிவிட்டதென்று உறைதடுப்பு மருந்தை நிறுத்தியவர்களிடமும் அளவு போதாமல் எடுத்தவர்களிடமுமே பெரும்பாலான பக்கவாதங்கள் நேர்ந்தன. அப்லேஷன் வெற்றி என்றாலும் இந்த மாத்திரை தானாக முடிந்துவிடாது.

இதயச் செயலிழப்புக்கான மருந்துகளும் அப்படித்தான். பம்பிங் குறைந்தவர்களுக்கு ஆயுளைக் கூட்டும் என்று நிரூபணமான மருந்து வகைகள் இன்று நான்கு. அவற்றில் ஒரு வகையைச் சேர்ந்த டாபாகிளிஃப்ளோசின், சர்க்கரை நோய்க்காக வந்து 2019இல் இதய மருந்தாகவும் நிலைபெற்றது. இந்தியாவில் அதன் காப்புரிமை 2020இல் முடிந்து பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியதும் விலை சரிந்தது. நான்கையும் உடல் தாங்கும் அளவுக்குக் கொடுக்காமல் அப்லேஷனுக்கு அனுப்புவது வரிசை தவறிய வேலை. அந்த நான்கில் ஒன்றான பீட்டா பிளாக்கர் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. சீரான தாளத்தில் இருக்கும் இதயச் செயலிழப்பு நோயாளிகளின் ஆயுளைக் கூட்டும் அந்த மருந்து, ஏ.எஃப். உள்ளவர்களின் இறப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்று பல ஆய்வுகளின் தரவுகளைத் திரட்டிய 2014ஆம் ஆண்டு அலசல் காட்டியது. வேகத்தைக் குறைக்க அது இன்னும் நல்ல மருந்தே. ஆனால் தாளம் தப்பிய இதயத்தில் நம் மருந்துகளின் கணக்கும் மாறிவிடுகிறது என்பதை அது நினைவூட்டுகிறது.

வேகக் கட்டுப்பாட்டைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. பல நோயாளிகளுக்கு, ஒருவேளை பெரும்பாலானவர்களுக்கு, சரியான முடிவு அதுவே. ஓய்வில் துடிப்பு 80க்குக் கீழேயே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை, 110க்குள் இருந்தால் போதும் என்று 2010இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. முதியவர்களுக்கு மாத்திரைகளைக் கூட்டிக்கொண்டே போய்த் தலைசுற்றி விழவைப்பதை அது ஓரளவு நிறுத்தியது. 1785இல் வில்லியம் விதரிங் எழுதிய நூலிலிருந்து இன்றுவரை வந்துசேர்ந்திருக்கும் டிஜாக்சினைப் பழம்பெருமை என்று ஒதுக்கவும் வேண்டியதில்லை. 60 வயதைக் கடந்த 160 பேரிடம் 2020இல் ஒப்பிட்டபோது, குறைந்த அளவு டிஜாக்சின் வாழ்க்கைத் தரத்தில் பிசோப்ரோலால் என்ற பீட்டா பிளாக்கருக்குச் சமமாக நின்றது, பக்கவிளைவும் குறைவு. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவே. மாறாக, வேகத்தைக் குறைக்கும் வெரபமில், டில்டியாசம் இரண்டும் பம்பிங் குறைந்தவர்களுக்கு ஆகாது. மருந்துகளுக்கும் அடங்காதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: கீழறைகள் இரண்டையும் ஒருங்கே துடிக்கவைக்கும் பேஸ்மேக்கரைப் பொருத்திவிட்டு, மேலறையிலிருந்து வரும் மின்பாதையையே துண்டித்துவிடுவது. 133 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் இப்படிச் செய்தவர்களில் 11 சதவீதமும் மருந்தில் இருந்தவர்களில் 29 சதவீதமும் இறந்தார்கள். மேலறை நடுங்கிக்கொண்டேதான் இருக்கும், நோயாளி ஆயுளுக்கும் பேஸ்மேக்கரை நம்பியிருப்பார், பின்வாங்க வழியில்லை. ஆனாலும் 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று அனுப்பப்படும் பலர், இப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

மேலைநாட்டு ஆய்வுகளை இங்கே பொருத்துவது சரியா என்ற கேள்வி அடுத்து வரும். இந்திய ஏ.எஃப். நோயாளிகளைப் பற்றிய ஒரு பதிவேட்டில் 1,537 பேரின் சராசரி வயது 55ஐ ஒட்டியே இருந்தது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு ருமாட்டிக் வால்வு நோய். அவர்களை மேற்சொன்ன அப்லேஷன் ஆய்வுகள் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவர்களுக்கு முதல் தேவை வால்வைச் சரிசெய்வது. இந்த மறுப்பு பாதி உண்மை. மறுபாதி எதிர்த் திசையில் பேசுகிறது. 2013இல் திருவனந்தபுரத்தில் இதயச் செயலிழப்புடன் மருத்துவமனையில் சேர்ந்த 1,205 பேரைத் தொடர்ந்த பதிவேட்டில் சராசரி வயது 61. ஓராண்டுக்குள் பத்தில் மூவர் இறந்தார்கள். நம்மவர்களுக்கு நோய் முன்னதாகவே வருகிறது, வேகமாகவும் கொல்கிறது. 55 வயதில் குடும்பத்தின் வருமானமே இவர்தான் என்ற நிலையில், மீளக்கூடிய பம்பிங்கை மீட்க முயலாமல் விடுவதன் விலை இங்கேதான் அதிகம். அப்லேஷனுக்குச் சில லட்சம் ஆகும், செய்யும் மையங்கள் பெருநகரங்களில்தான் என்பதும் மெய்யே. அதற்காக எல்லாவற்றையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒருமுறை மின்னதிர்ச்சி கொடுத்துத் தாளத்தைத் திருப்பி, சில மாதம் அமியோடரோனில் வைத்திருந்து, பம்பிங் ஏறுகிறதா என்று எக்கோவில் பார்ப்பது மாவட்டத் தலைமையிடத்திலேயே சாத்தியமான சோதனை. ஏறினால், காரணம் ஏ.எஃப்தான் என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அப்லேஷனுக்கு ஆகும் செலவைப் பற்றிப் பேசுவதில் பொருள் இருக்கும்.

'நோயாளிக்கு இதெல்லாம் புரியாது, வீட்டார்தான் முடிவெடுப்பார்கள்' என்ற வாதம்தான் எனக்கு மிகவும் ஒப்பாதது. புறநோயாளிப் பிரிவில் நூற்றைம்பது பேர் காத்திருக்க, ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது என்பது தெரியும். குறை மருத்துவரிடம் மட்டும் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியது அப்படியொன்றும் சிக்கலானதும் அல்ல. உங்களைப் போன்ற நூறு பேருக்கு மருந்து மட்டும் கொடுத்தால் மூன்றாண்டில் சுமார் 45 பேர் இறக்கிறார்கள் அல்லது மூச்சுத்திணறி மருத்துவமனைக்குத் திரும்புகிறார்கள். அப்லேஷன் செய்தால் சுமார் 29 பேர். செய்தவர்களில் நான்கில் ஒருவருக்கு இரண்டாம் முறையும் தேவைப்பட்டது. நூற்றில் ஓரிருவருக்கு இதயத்தைச் சுற்றி ரத்தம் கசிவது போன்ற கடுமையான சிக்கல் வரலாம். இந்தக் கணக்கை வட்டிக்கும் சீட்டுக்கும் நாள்தோறும் மனக்கணக்குப் போடும் எவருக்கும் விளங்கவைக்க முடியும். புரியாமல் போவது பெரும்பாலும் எண்கள் அல்ல, சொல்லப்படாத எண்கள். தந்தையிடம் மறைத்துவிட்டு மகனிடம் மட்டும் பேசும் வழக்கத்தையும் இந்த நோயில் தொடர முடியாது. காலையில் எடை பார்ப்பதும், உப்பைக் குறைப்பதும், மாத்திரை தவறாமல் விழுங்குவதும் அந்தத் தந்தைதானே? எடை இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றால், தாளத்தைப் பற்றிய முடிவும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. பம்பிங் குறைவும் ஏ.எஃப்பும் உள்ள ஒவ்வொருவரின் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இன்ன காரணத்தால் தாளத்தைத் திருப்ப முயல்கிறோம், அல்லது இன்ன காரணத்தால் முயலவில்லை என்று ஒரு வரி. 'மேலறை 60 மில்லிமீட்டர், ஏ.எஃப். பத்தாண்டாக உள்ளது' என்றால் அதுவே போதுமான காரணம். எழுத வேண்டும் என்ற நிர்பந்தம் வந்தாலே யோசிக்க வேண்டிய நிர்பந்தமும் வந்துவிடும். அடுத்து வேறு மருத்துவரிடம் போகும்போதும் கதையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. நோயை முன்னதாகக் கண்டுபிடிப்பதற்கும் வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் ஊழியர்கள் வீடு தேடிச் செல்கிறார்கள். கையில் நாடியை அரை நிமிடம் பிடித்து, ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கப் பழக்கிவிட்டால் செலவு எதுவும் கூடிவிடாது. ஒழுங்கில்லாதவருக்கு ஒரு இசிஜி. ஐந்தாண்டு கழித்து மூச்சுவாங்கி அவசரப் பிரிவுக்கு வருகிறவர், அந்த அரை நிமிடத்தில் ஓராண்டுக்குள் பிடிபட்டிருக்கக்கூடும். ஈஸ்ட் ஆய்வு பயனைக் காட்டியது அந்த ஓராண்டுக்குள்தான்.

எல்லோரும் தாளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. 82 வயதில், முழங்கால் தேய்ந்து, சிறுநீரகமும் தளர்ந்து, வீட்டுக்குள் நடமாடினால் போதும் என்றிருக்கும் ஒருவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு 'எனக்கு அந்தக் கம்பியெல்லாம் வேண்டாம்' என்றால் அது முழுமையான முடிவு. அவருக்கு நீர் மாத்திரையைச் சரிபார்த்து, வேகத்தை அடக்கி, உறைதடுப்பு மருந்தைத் தொடர்ந்து, இரவில் மூச்சுத்திணறாமல் தூங்கவைப்பதும் தேர்ந்த மருத்துவமே. அந்த 'வேண்டாம்' அவர் சொன்னதாக இருக்க வேண்டும். அதுவும் அதே காகிதத்தில் பதிவாக வேண்டும். ஆறு மாதம் கழித்து அடுத்த எக்கோ எடுக்கும்போது அவரிடம் மறுபடி கேட்கவும் வேண்டும். அதற்குள் பம்பிங் இன்னும் இறங்கியிருக்கலாம், மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம், அவரே மனம் மாறியிருக்கலாம்.